நல்ல நாளுக்கு வைத்த சப்பாத்து

சென்ற மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. சவரி அண்ணன் வீட்டு அலமாரியின் மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினோம்.

‘இறக்கினோம்’ என்று பன்மையில் எழுதுவது என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள. நாற்காலி மேல் ஏறியது அவர் மகள் ரோஸ்லின். நாற்காலியைப் பிடித்துக்கொண்டது அவர். “பாத்து... பாத்து...” என்று சொன்னது மட்டுமே நான்.

சப்பாத்துப் பெட்டி. ஐந்து வருடமாக அலமாரி மேல் இருந்தது. மேலே தூசி படியாமல் இருக்க ஒரு பழைய துண்டு போர்த்தியிருந்தார். உள்ளே மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி, கறுப்பு நிறத்தில், தரையை ஒருமுறைகூடத் தொடாத ஒரு ஜோடி. சவரி அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, இடது சப்பாத்தின் குதிகாலைப் பிடித்துத் தூக்கினார்.

மேல்பாகம் கையோடு வந்தது. அடிப்பாகம் பெட்டியிலேயே இருந்தது.

வலதைத் தூக்கினார். அது இன்னும் மோசம். போன வருடத்துக் கேக் மாதிரி அடிப்பாகம் பொடிப் பொடியாக உதிர்ந்து, கழுவித் துடைத்த தரையில் கறுப்பாகக் கொட்டியது.

நான் சிரித்துவிட்டேன்.

இது என் பிறவிக் குறை. முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் என்ன நடந்தது என்று விசாரிப்பேன். என் கல்யாணத்திலேயே தாலி கட்டும் நேரத்தில் சிரித்தவன். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ரோஸ்லின் தன் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் இடது காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அந்தக் காலில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன.

இன்னும் மூன்று வாரத்தில் ரோஸ்லினுக்குக் கல்யாணம். சவரி அண்ணன் கத்தோலிக்கர். அவர்கள் வழக்கப்படி கோயில் வாசலிலிருந்து பீடம் வரை மகளைக் கைபிடித்து நடத்திக் கூட்டிப்போக வேண்டியவர் அப்பா. மனைவி போய் எட்டு வருடமாகிவிட்ட மனிதர். இருப்பது ஒரே மகள். அந்த நடைக்காகத்தான் அந்தச் சப்பாத்து ஐந்து வருடம் காத்திருந்தது.

அதைப் பெட்டியிலேயே வைக்கச் சொன்னவன் யார் தெரியுமா? இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருப்பவன்தான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு குடியிருப்புத் தாமானில். இரண்டு வீடு தள்ளித்தான் சவரி அண்ணன். தாமானுக்குப் பின்னால் ஒரு காலத்தில் ரப்பர். இப்போது செம்பனை. நடுவே ஒரு செம்மண் சாலை. சவரி அண்ணன் முப்பது வருடம் கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டியவர். அதுவும் வெறுங்காலோடு. சீட்டுக்கு அடியில் சிலிப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவார். கேட்டால், பிரேக் பெடல் பாதத்தோடு பேசுமாம். நடுவே தோல் எதற்கு என்பார். அந்தப் பாதத்தை நம்பி எத்தனை பெண்பிள்ளைகள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போய் வந்தார்கள்!

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரே வாரத்தில், ஒரே கிளினிக்கில் எங்கள் இருவருக்கும் ஒரே தீர்ப்பு. தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, அவருக்குப் பழைய சொந்தக்காரர். எனக்குப் புது விருந்தாளி. அவரிடம் மட்டும் நர்ஸ் மிஸ்ஸி கூடுதலாக ஒன்று சொல்லியிருந்தார்: பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, சப்பாத்து போடாமல் நடக்கக் கூடாது.

நான் அன்று மாலையே சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டேன். நடப்பதற்கா? இல்லை... நடப்பதற்கான சாமான்கள் வாங்குவதற்கு.

என்னைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமே. ஒரு காரியத்தைச் செய்வதைவிட அதற்குத் தயாராவதில் எனக்கு ருசி அதிகம். அடி எண்ணும் கைக்கடிகாரம். இடுப்பில் கட்டும் தண்ணீர் போத்தல். நெற்றி வியர்வைக்குப் பட்டை. நாய்க்கு ஒரு விசில். இரண்டு கையிலும் ஊன்றிக்கொள்ள இரண்டு கம்பு. கடைசியாக, வெளிச்சம் பட்டால் மின்னும் பச்சைச் சட்டை.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு இந்த அலங்காரத்தோடு வாசலில் வந்து நின்றேன். சவரி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கே தம்பி, பனிமலைக்கா என்று விசாரித்தார். அவருடைய அலங்காரம் ரொம்பச் சுருக்கம். பனியன், கால்சட்டை, கழுத்தில் ஒரு துண்டு, காலில் நீல வார் வைத்த ஜப்பான் சிலிப்பர்.

அன்றைக்குப் பெரிய ரோட்டை ஒட்டி நடந்தோம். விடிந்தும் விடியாத வெளிச்சம். என் பச்சைச் சட்டை மின்னிய மின்னலில், தூரத்தில் வந்த மூன்று மோட்டார் சைக்கிள்கள் சட்டென்று திரும்பி வந்த வழியே பறந்தன. போலீஸ் ரோட்பிளாக் என்று நினைத்திருப்பார்கள். லைசன்ஸ் இல்லாத பிள்ளைகள். செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, ரோடு எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று என்னிடம் பணிவாகக் கேட்டார். அதற்கப்புறம்தான் தோட்டத்துச் செம்மண் சாலைக்கு இடம் மாறினோம். பச்சைச் சட்டை பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பிப் போனது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, சவரி அண்ணன் என்னிடம் யோசனை கேட்டார். மூன்று வருடத்துக்கு முன்பே ரோஸ்லின் தன் முதல் போனஸில் வாங்கிக் கொடுத்த சப்பாத்து ஒன்று பெட்டியிலேயே இருக்கிறது. நடக்கிற சப்பாத்து. முன்பக்கம் அகலமாக, உள்ளே மெத்தென்று இருக்கும். கிளினிக்கிலும் போடச் சொல்கிறார்கள். எடுத்துவிடலாமா?

நான் நிபுணன் இல்லையா? நேரில் பார்க்காமல் கருத்துச் சொல்லலாமா? வீட்டுக்கே போனேன். பெட்டியைத் திறந்தேன். சப்பாத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தேன். முகர்ந்தேன். புதுத் தோல் வாசனை. தடவினேன். வழவழவென்று இருந்தது. பிறகு இரண்டு கம்பையும் ஊன்றிக்கொண்டு தீர்ப்பு சொன்னேன்.

“அண்ணே, இதப் போயி செம்மண்ணுலயா மிதிப்பீங்க? பாப்பா கல்யாணத்துக்கு வச்சுக்குங்க. நடக்கறதுக்குச் சிலிப்பர் போதும்லா.”

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவருக்கும் அதே எண்ணம்தான். யாராவது ஒருவர் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் இருவரும் வேறு வேறு தோட்டத்தில் பிறந்தவர்கள். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரே மாதிரிதான் போனோம். வருடத்துக்கு ஒரு வெள்ளைச் சப்பாத்து. மழை பெய்தால் அதைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சேற்றில் வெறுங்காலோடு நடந்து, பள்ளிக்கூட வாசல் குழாயில் காலைக் கழுவிவிட்டு, அங்கே போட்டுக்கொள்வோம். சப்பாத்து அழுக்கானால் அடி விழும். காலில் முள் குத்தினால்... ஊசியால் எடுத்தால் போயிற்று.

காலைக் காப்பாற்றச் சப்பாத்து என்பதுதான் உலக வழக்கம். எங்களுக்குச் சப்பாத்தைக் காப்பாற்றக் கால். அறுபது வயது தாண்டியும் அது மாறவில்லை. புது சோபாவின் பிளாஸ்டிக்கைக் கிழிக்காமல் பத்து வருடம் ஒட்டிக்கொண்டு உட்காருகிற கூட்டம்தானே நாம்? விருந்தாளிக்கென்று வைத்த பீங்கான் தட்டில் என்றைக்காவது சாப்பிட்டிருக்கிறோமா? நல்ல பொருளுக்கு நல்ல நாள் வர வேண்டும். அதுவரைக்கும் நாம் ஓட்டைப் பொருளோடு ஓட்டிக்கொள்வோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்க ஒன்றுமில்லாத இடம் இது.

போன வருடம் ஒரு காலை. தோட்டத்தில் செம்பனை மட்டை வெட்டிச் சாலையோரம் போட்டிருந்தார்கள். செம்பனை மட்டையின் அடியில் வரிசையாக முள் இருக்கும். ஆணி கணக்காக இருக்கும். நாங்கள் ஓரமாக நடந்து, பேசிக்கொண்டே வந்தோம். அன்றைக்கு என் கடிகாரம் நாலாயிரத்துச் சொச்சம் அடி காட்டியது. பெருமையாக அவரிடம் காட்டினேன். நடந்துவிட்டு என் வீட்டில் சீனி போடாத தேநீர் குடிப்பது வழக்கம்.

வாசலில் நான் என் விலை உயர்ந்த சப்பாத்தைக் குனிந்து கழற்றிக்கொண்டிருந்தேன். சவரி அண்ணன் எப்போதும் குனிய மாட்டார். காலை ஒரு உதறு உதறுவார், சிலிப்பர் பறந்து ஓரமாக விழும். வலது சிலிப்பர் விழுந்தது. இடது காலை உதறினார்.

விழவில்லை.

மறுபடி உதறினார். சிலிப்பர் காலோடு மேலே போய்க் காலோடு கீழே வந்தது.

“சிலிப்பருக்கும் டீ வேணுமாம் அண்ணே” என்றேன். அவரும் சிரித்தார். மூன்றாவது முறை உதறினார். தேநீர்த் தட்டோடு வந்த என் மனைவிதான் குனிந்து பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டாள்.

முள் சிலிப்பரைத் துளைத்து, பாதத்துக்குள் ஏறி, இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தது.

எவ்வளவு தூரம் அப்படியே நடந்து வந்தாரோ தெரியாது. என் நாலாயிரத்துச் சொச்சத்தில் எத்தனை அடி? கடிகாரம் அதைச் சொல்லாது. மட்டைகள் கிடந்த இடத்திலிருந்து என் வீட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரமும் அவர் ஏதோ ஒரு பழைய பஸ் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

“வலிக்குதா அண்ணே?” என்றேன்.

அவர் காலைத் தூக்கி முழங்கால்மேல் போட்டு, யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல தம்பி. அதான் பயமா இருக்கு.”

பெடலோடு பேசிய பாதம் அது.

பயந்தவர் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டுமா இல்லையா? போகவில்லை. முள்ளைப் பிடுங்கினார். மஞ்சள் வைத்தார். வலிக்கவே இல்லையே, இதற்கு எதற்கு டாக்டர் என்றார். என் மனைவி மட்டும் தினமும் என்னை விரட்டினாள், கூட்டிக்கொண்டு போங்கள் என்று. நான் தினமும் நாளைக்கு என்றேன். வலி என்பது எவ்வளவு நல்ல மனிதர் தெரியுமா? வீட்டு வாசலில் நின்று கத்திக் கத்தி நம்மைக் கிளப்புகிறவர். அவர் வராத வீட்டில் யாரும் எழுந்திருப்பதில்லை.

ஆறாம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் ஆஸ்பத்திரி. இரண்டு விரலை எடுத்தார்கள்.

அறுவைக்குப் பிறகு கட்டு பிரித்துப் பார்த்தவர் ஒரு மலாய் டாக்டர், சின்ன வயசுப் பெண். சிலிப்பரில் முள் ஏறிய கதையைக் கேட்டுவிட்டு, ரொம்ப அமைதியாக, “பாக்சிக், காசுட் தாக் அடா கா?” என்று கேட்டார். சப்பாத்து இல்லையா பெரியவரே என்று.

சவரி அண்ணன் ஒளிக்கவில்லை. “அடா, டாக்டர். டாலாம் கோத்தாக்.”

இருக்கிறது டாக்டர். பெட்டிக்குள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்த்தது சவரி அண்ணனை. ஆனால் கட்டிலின் மறுபக்கம் நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் காலில் விலை உயர்ந்த சப்பாத்து இருந்தது.

புண் ஆறிவிடும் என்றார் டாக்டர். ஆனால் இன்னொரு புண் வந்தால் அது விரலோடு நிற்காது. கணுக்காலைக் கையால் தொட்டுக் காட்டினார்.

ரோஸ்லினுக்கு அந்த வருடம் டிசம்பரில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சித்தப்பா நடத்திக் கூட்டிப்போகட்டும் என்றார் ஒருவர். வீல்சேரில் பூ கட்டித் தள்ளிக்கொண்டு போகலாம், வீடியோவில் அழகாக இருக்கும் என்றார் இன்னொருவர். சவரி அண்ணனே வீல்சேருக்குத் தலையாட்டிவிட்டார். ரோஸ்லின் ஆட்டவில்லை.

“நீங்க எப்ப நடப்பீங்களோ அப்பக் கல்யாணம்பா. மண்டபக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

அப்பா பஸ் ஓட்டிய அதே கூலிம் ரோட்டில் வேலைக்குப் போய்வருகிற பெண். ஒரு முடிவெடுத்தால் பிரேக் பிடிக்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டாரும் நல்லவர்கள், காத்திருந்தார்கள்.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் கட்டு, மருந்து, தோங்காட் கம்பு ஊன்றிய நடை. முதலில் கூடத்திலிருந்து சமையலறை வரை. பிறகு வாசல் கேட் வரை. இரண்டு விரல் போனால் என்ன, நடக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைசி விரல்கள் இல்லாத கால் ஒருபக்கமாகச் சாய்கிறது. சாய்ந்தால் பாரமெல்லாம் ஒரே இடத்தில் விழுகிறது. அந்த இடம் தேய்கிறது. தேய்வது அவருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு நடைக்குப் பிறகும் ரோஸ்லின் தரையில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சிவப்பு இருந்தால் அன்றைக்கு நடை நிறுத்தம்.

இத்தனைக்கும் நடுவில் சவரி அண்ணன் அடிக்கடி ஒன்று சொல்வார். கல்யாணத்தன்று கவலையில்லை, அதற்கென்று நல்ல சப்பாத்து இருக்கிறது.

இப்போது புரிகிறதா, ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று?

உதிர்ந்த கறுப்புப் பொடியை அவர் கையால் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். சேர்த்து என்ன செய்யப் போகிறார்? தெரியாது. பிறகு நிமிராமலே பேசினார்.

“இதக் காப்பாத்துறேன்னு அத வுட்டுட்டேன்.”

நான் சொல்லிவிட்டேன். ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. “நான்தானே அண்ணே வைக்கச் சொன்னேன்.”

அவர் கை பொடியைச் சேர்த்துக்கொண்டே இருந்தது. எனக்கோ அவர் என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

“நீங்க சொல்லலன்னாலும் வச்சிருப்பேன் தம்பி. வெளக்கமாத்த எடுங்க.”

எடுத்தேன். கூட்டினேன். அவர் வீட்டில் நான் செய்த முதல் உருப்படியான வேலை.

அன்று மாலையே மூவரும் சுங்கை பட்டாணிக்குக் கிளம்பினோம். காடியின் கதவைத் திறந்து பின்சீட்டில் என்னை உட்காரவைத்தாள் ரோஸ்லின். போகும் வழியில், அங்கிள் இன்னைக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டு படிப்பதுபோல் சொன்னாள்.

பழைய கடை. கடை முதலாளியான தவுக்கே எழுபது வயதைத் தாண்டிய சீனர். நடந்ததைக் கேட்டதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. மாதம் ஒருத்தர் இப்படி வருவார்களாம். நம் ஊர் ஈரக் காற்று பெட்டிக்குள்ளும் புகுந்து, போடாத சப்பாத்தின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம். போட்டு நடந்தால் பல வருடம் வருவது, பத்திரமாக வைத்தால் செத்துவிடும். “காசுட் சிம்பான், காசுட் மாத்தி” என்று கையை விரித்தார்.

அந்தத் தவுக்கே சப்பாத்து பார்த்துக் கொடுத்த விதத்தை நான் எழுதித்தான் ஆக வேண்டும். என்னைப்போல் முகர்ந்து பார்க்கிற நிபுணர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

மாலையில் வந்தது நல்லது என்றார் முதலில். காலையில் இருக்கும் பாதம் வேறு, நாள் முழுக்க நின்று வீங்கிய மாலைப் பாதம் வேறு. பெரியதற்குத்தான் வாங்க வேண்டும். போடப்போகிற காலுறையோடு வர வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த, விரல் இல்லாத இடத்தை நிரப்பும் மெத்தைத் துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு ஒரு சப்பாத்தின் உள்ளிருக்கும் அட்டையை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார். சவரி அண்ணனின் பாதம் ஓரத்தில் வெளியே பிதுங்கியது. அந்தச் சப்பாத்து அவ்வளவுதான்... காலில் போட்டே பார்க்கவில்லை, அலமாரிக்குத் திரும்பியது. அட்டைக்குள் அடங்காத பாதம் சப்பாத்துக்குள் மட்டும் எப்படி அடங்கும்?

நாலாவது ஜோடியில் பாதம் அடங்கியது. நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். சப்பாத்தை வளைத்தார். விரல் மடங்கும் இடத்தில்தான் அது மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் ஆகாது. குதிகால் பக்கம் கெட்டியாக இருந்தது. கயிறு இல்லை, ஒட்டுகிற பட்டை. குனிய முடியாதவருக்கு அதுதான் சரி. கடைசியாகத் தன் கையை உள்ளே மணிக்கட்டு வரை விட்டு, தையல் ஏதும் உறுத்துகிறதா என்று தடவினார். தினமும் போடுவதற்கு முன்னால் இப்படிக் கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பாதம் சொல்லாததைக் கை சொல்லும்.

காலுறை வெள்ளை. சவரி அண்ணன் கறுப்பு கேட்டார், கல்யாணக் கோட்டுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று. ரோஸ்லின் வெள்ளையைத்தான் எடுத்தாள். கறுப்பில் ரத்தம் தெரியாது.

தவுக்கே சப்பாத்தைத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கப் போனார். ரோஸ்லின் தடுத்தாள்.

“பெட்டி வேணாம் தவுக்கே. நீங்களே வச்சுக்குங்க.”

சவரி அண்ணன் பதறிவிட்டார். “பெட்டி இல்லாம எங்கம்மா வைக்கிறது?”

“கால்ல.”

அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? ஐம்பது வருடப் பழக்கம் ஒரு பதிலில் போய்விடுமா? மறுநாள் காலை நான் போனபோது, சவரி அண்ணன் புதுச் சப்பாத்தைத் துணியால் துடைத்து நாற்காலி மேல் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி மிதியடியோடு நின்றுகொண்டிருந்தார். மூன்று வாரம்தானே, அதுவரைக்கும் இது அழுக்காகாமல் இருக்கட்டும் என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டுவேன் என்கிற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது.

நான் தலையாட்டவில்லை. தரையில் உட்கார்ந்தேன். என் வயிற்றுக்கு அது லேசான காரியமில்லை. நாற்காலியிலிருந்து சப்பாத்தை எடுத்தேன். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். அவர் காலைப் பிடித்து மாட்டிவிட்டேன். இரண்டு காலுக்கும்.

“எழுத்தாளருக்கு என்னா ஆச்சு இன்னைக்கு?” என்றார்.

“நடங்க அண்ணே.”

முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம். கழற்றிப் பார்த்தோம், சிவப்பு இல்லை. பிறகு தாமான் ரோட்டில். இரண்டாவது வாரம் செம்மண் சாலையில், மட்டைகள் கிடக்கும் ஓரத்தை விட்டு நடுவில். மழைக்குப் பிறகு ஒரு நாள் ஒரு சேற்றுக் குழியில் காலை வைத்துவிட்டார். புதுச் சப்பாத்தின் தையலில் செம்மண் ஏறிவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! துடைத்தும் முழுதாகப் போகவில்லை. போகவில்லையே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அழுக்கான சப்பாத்தை யாரும் பெட்டியில் வைக்க மாட்டார்கள் அல்லவா?

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கோயிலுக்கே போய் ஒத்திகை பார்த்தோம். வாசலிலிருந்து பீடம் வரை அவர் அடிக்கு நாற்பத்தாறு அடி. எண்ணியது அவர் கையில் கட்டிவிட்ட என் கடிகாரம். வாங்கியதற்கு அன்றைக்குத்தான் அது ஒரு வேலை செய்தது.

போன சனிக்கிழமை கல்யாணம்.

வாசலில் சவரி அண்ணன் தோங்காட்டைக் கடைசி பெஞ்சில் சாய்த்துவைத்தார். கறுப்புக் கோட்டு. கறுப்புக் கால்சட்டை. அதற்குக் கீழே பளீரென்று வெள்ளைக் காலுறை. தையலில் செம்மண் ஏறிய கறுப்புச் சப்பாத்து. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிசுகிசு கிளம்பியது. வெள்ளைக் காலுறையைப் பற்றித்தான் இருக்கும். இருக்கட்டும்.

ரோஸ்லின் அப்பாவின் கையைப் பிடித்தாள். யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. பாட்டு தொடங்கியது. எல்லாரும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து. பதினைந்து. இருபத்திரண்டாவது அடியில் இடது கால் லேசாகச் சாய்ந்தது. ரோஸ்லினின் நடை ஒரு நொடி தாமதித்தது, பாட்டுக்காகத் தாமதித்ததுபோல. கால் நிமிர்ந்தது. முப்பது. நாற்பது. நாற்பத்தாறு என்று நினைத்தேன், நாற்பத்தொன்பது ஆயிற்று. அவசரப்படவில்லை அவர்.

மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, தானாகத் திரும்பி, தானாக நடந்துவந்து, முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபாதர் பிரசங்கம் ஆரம்பித்தார். அன்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, ஏனென்றால் பக்கத்தில் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம்.

சப்பாத்தின் ஒட்டுப் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார் சவரி அண்ணன். பெஞ்சுக்கு அடியில் இடது சப்பாத்தைக் கழற்றி, பாதத்தை மெல்லத் திருப்பி, என்னைப் பார்த்தார். அவரால் அவ்வளவு குனிய முடியாது. நான் குனிந்தேன். கோயில் நடுவில், இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் காலுறையின் அடிப்பக்கத்தை விரல் விரலாக, இருக்கிற விரலும் இல்லாத விரலுமாகப் பார்த்தேன்.

வெள்ளை. முழுக்க வெள்ளை.

“அண்ணே, ஒண்ணுமில்ல” என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு, பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் மகளின் கல்யாணத்தைப் பார்க்கவே ஆரம்பித்தார்.

உங்கள் வீட்டு அலமாரி மேல் ஏதாவது ஒரு பெட்டி இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள்... அடியில் கைகொடுத்து.